இரண்டு மணி வரைக்கும் சோபாவில் உட்காருங்க சார்

காலை 6 மணி. சேலத்தில் பேரைச் சொன்னால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுகிற பெரிய ஹோட்டல். தலைக்கு மேலே மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்குச் சரவிளக்கு. எதிரில் தாய்லாந்திலிருந்து வந்த பெரியவர். அறுபதைத் தாண்டியவர். நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் ஏலக்காய் மாலை, கையில் புதினா மிதக்கும் பச்சை ஜூஸ். ராத்திரி முழுக்கத் தூங்காததால் கண் இரண்டும் கோவைப்பழம். அந்த மனிதருக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டில். அது மட்டும் கிடையாதாம்.

"செக்-இன் டூ ஓ கிளாக் சார். அதுவரைக்கும் லாபியில கம்பர்டபிளா உட்காருங்க சார்."

எட்டு மணி நேரம் சோபாவில் சௌகரியமாக உட்கார வேண்டுமாம். அறைக்குக் காசு கட்டி, ரசீது வாங்கி, இரண்டு முறை மின்னஞ்சலும் அனுப்பிய பிறகு.

எனக்குத் தொழில் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பது. பட்டறை கொண்டலாம்பட்டிப் பக்கம். இந்தப் பெரியவர் தாய்லாந்தில் கொராட் பக்கம் மாவு ஆலை வைத்திருக்கிறார். அவர்கள் ஊரிலும் நம் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளி. உலகத்திலேயே அதிகமாக மரவள்ளி மாவு ஏற்றுமதி செய்கிற நாடு அது. ஆனால் நாம் இங்கே கிழங்குப் பால் இறக்கி, உருட்டி, வறுத்து, களத்தில் காயப்போட்டு எடுக்கிற ஜவ்வரிசியை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பாங்காக்கில் சாயங்காலம் கிளம்பி, நடு ராத்திரி சென்னையில் இறங்கி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக 340 கிலோமீட்டர் காரில் வந்திருக்கிறார். (நமக்கும் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. வெளிநாட்டு விமானம் வருவதில்லை.) பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். நமக்கு 6 மணி என்றால் அவர் உடம்புக்கு ஏழரை.

முதலில் அந்த ரிசப்ஷன் பையன் சொன்னது வேறு. "எர்லி செக்-இன் வேணும்னா பாதி நாள் வாடகை ஆகும் சார்." வயிறு எரிந்தாலும், விருந்தாளி முன்னால் பேரம் பேசக் கூடாது என்று சரி என்றேன். கார்டை நீட்டிய பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸாரி சார், முகூர்த்த நாள். மேரேஜ் பார்ட்டி எல்லா ரூமும் எடுத்திருக்காங்க. ஒண்ணும் காலியில்ல" என்கிறான். இதை முதலிலேயே பார்த்தால் என்ன கேடு? இல்லாத அறைக்கு விலை சொல்லி, நான் ஒத்துக்கொண்ட பிறகு இல்லை என்பதற்கா இவ்வளவு பெரிய மேஜை?

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி ஷிப்டில் நின்று கால் வீங்கிய முகம் அவனுக்கு. விதியை எழுதியவர்கள் அந்நேரத்துக்கு வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த விதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியம் 2 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. மொத்தம் 21 மணி நேரம். ஆனால் ரசீதில் எழுதுவது 'ஒரு நாள்'. மாதத்தில் எட்டு ஊரில் ஒவ்வொரு ராத்திரி தங்குகிற விற்பனைப் பிரதிநிதி இருக்கிறார் என்று வையுங்கள். ஊருக்கு 3 மணி நேரம் வீதம் எட்டு ஊருக்கு 24 மணி நேரம். முழுசாக ஒரு நாள் வாடகையைத் தங்காமலே கட்டுகிறார். இதில் காலை 6 மணிக்கு வந்தவன் பாதி வாடகை சேர்த்துக் கட்டினால், 29 மணி நேரத்துக்கு ஒன்றரை நாள் காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வாடகை கதை தனி. அதே அறை சாதாரண நாளில் 7,200 ரூபாய். முகூர்த்த நாள் என்பதால் 8,900. அதோடு போச்சா? 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18. ஆக 360 ரூபாயாக இருந்திருக்க வேண்டிய வரி 1,602 ஆகிவிட்டது. வாடகை ஏறியது 1,700 ரூபாய், பில்லில் ஏறியது கிட்டத்தட்ட மூவாயிரம். என்னைப் போலப் பட்டறை வைத்திருப்பவன் அந்த 18 சதவீத வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மகளைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எதில் கழிப்பார்?

அறையைச் சுத்தம் செய்ய நேரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, துண்டு மடித்து வைக்க ஓர் அறைக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். எண்பது அறையும் ஒரே நிமிஷத்தில் காலியாகி, ஒரே நிமிஷத்தில் நிரம்ப வேண்டும் என்று யார் சொன்னது? அந்த விதியை வைத்தவர்களே அவர்கள்தான். அப்படி வைத்தால் கணக்கு எழுத வசதி, ஆள் குறைவாக வைக்க வசதி. அவர்கள் வசதிக்கு நம் தூக்கம்.

நான் ஏழு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பெரியவர் ஏலக்காய் மாலையோடு சரிந்து தூங்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் அவர் முன்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவர் பக்கத்துச் சோபாவில் சீவாளியை ஊதிப் பார்க்கிறார். அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கினேன்.

புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். வாசலில் 'இருபத்து நாலு மணி நேர செக்-அவுட்' என்று மஞ்சள் பெயின்டில் எழுதியிருக்கும். சரவிளக்கு கிடையாது, ட்யூப் லைட்டுதான். மேனேஜர் அண்ணனிடம் சங்கடத்தோடுதான் கேட்டேன், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர் என்றாலே பல லாட்ஜில் கையை விரித்துவிடுவார்கள். தங்கும் வெளிநாட்டவர் பற்றி 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் படிவம் பதிவேற்ற வேண்டும், யாருக்கு அந்த வேலை என்று. இவர், "குடுங்க பாஸ்போர்ட்டு, விசாவ. நான் ஏத்திடறேன். மொதல்ல அவரு போய்ப் படுக்கட்டும்" என்றார். பெரிய நோட்டை விரித்து, 'வந்த நேரம்' என்ற கட்டத்தில் 7.25 என்று எழுதினார். நாளைக் காலை 7.25 வரைக்கும் அறை அவருடையது. முடிந்தது.

அந்த ஒரு கட்டத்தைத்தான் சொல்ல வருகிறேன். வந்தவனுக்கு நாள் எப்போது ஆரம்பிக்கிறதோ அப்போதுதான் லாட்ஜுக்காரருக்கும் நாள் ஆரம்பிக்கிறது. சேலம் ஜங்ஷனில் சென்னை ரயில்கள் விடியும் முன்னே ஆளை இறக்கிவிடுகிற ஊர் இது. வெள்ளிக் கொலுசு வாங்க செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறவர், ஸ்டீல் பிளான்டுக்கு வருகிறவர், கிழங்கு மாவு பார்க்க வருகிறவர் எல்லாரும் அந்நேரத்துக்குத்தான் பல் துலக்க இடம் தேடுவார்கள். முன்காலத்துச் சத்திரக்காரனுக்கும் இது தெரிந்திருந்தது. ரயில்வே ஓய்வறையில்கூட 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று கணக்கு வைத்துத் தருகிறார்கள். லட்சுரி என்று பலகை மாட்டியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பலகையில் எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். நட்சத்திரம் தருவதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பதும் ஹோட்டல்காரர் இஷ்டம்தான்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்டால், அங்கேயும் இதே தொல்லை உண்டு. ஜப்பானில் பல ஹோட்டல்களில் மதியம் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். ஆனால் அங்குள்ள பிசினஸ் ஹோட்டல் தன்னை அரண்மனை என்று சொல்லிக்கொள்வதில்லை. தீப்பெட்டி போல அறை, படுத்தபடியே எட்டுகிற இடத்தில் ப்ளக் பாயின்ட், கீழே காசு போட்டால் துணி துவைக்கும் மெஷின். வேலைக்கு வந்தவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கட்டியது தெரியும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே ஆறு மணி நேரக் கணக்கில் அறை வாடகைக்குக் கிடைக்கிறது. மணிக்கணக்கில் அறை என்றால் நம் ஊரில் தப்பான அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சரி, இத்தோடு விட்டேனா? இல்லை. மறுநாள் ராத்திரி ஏற்காடு. மலையைக் காட்டாமல் அனுப்பினால் நன்றாக இருக்காது என்று மச்சான் ஒரு ரிசார்ட்டைச் சொன்னான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனோம். வார இறுதி. ஓர் அறைதான் மிச்சம், இரட்டைக் கட்டில். பரவாயில்லை என்று கதவைத் திறந்தால், படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் சுவரே இல்லை. முழுக்கக் கண்ணாடி!

இதை வரைந்த மகராசன் யார் என்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாலு கேள்வி கேட்பேன். கண்ணாடிக்குத் திரை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரையை இழுக்கிற கயிறு படுக்கையறைப் பக்கம். குளிப்பவன் மானம் வெளியே உட்கார்ந்திருப்பவன் கையில். பெரியவர் குளிக்கப் போனபோது நான் பனிமூட்டத்தில் வெளியே போய் நின்றேன். நான் குளித்தபோது அவர் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் காட்டெருமை ஒன்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் காபி. ஏற்காட்டில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இருநூறு வருஷமாகக் காபி விளைகிற மலை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டுகிற தூரத்தில் காபிச் செடி, அதன் மேலே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி. அறைக்குள்ளே தட்டில் என்ன வைத்திருக்கிறார்கள்? இன்ஸ்டன்ட் காபித்தூள் பாக்கெட் இரண்டு, பால் பவுடர் பாக்கெட் இரண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இங்கேயும் கடிகாரம் விடவில்லை. வெந்நீர் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரைக்கும். டிபன் எட்டு மணிக்கு. செக்-அவுட் பத்து மணிக்கு, மலையில் நாள் இன்னும் ஒரு மணி நேரம் குட்டை போல. எங்களுக்கோ எட்டு மணிக்குக் கீழே ஆலையில் இருக்க வேண்டும். 'டிபன் இலவசம்' என்று பில்லில் இருக்கிறதே என்று கேட்டதற்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். காய்ந்த பிரெட் நாலு துண்டு, வாழைப்பழம் ஒன்று, டப்பா ஜூஸ். ராத்திரி பதினொன்று வரைக்கும் கேம்ப் ஃபயர், டிஜே என்று மலையே அதிர்ந்தது. அதற்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு கிடையாது. பெரியவர் பன்னிரண்டாவது வளைவில் வாழைப்பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். அஸ்தம்பட்டியில் நிறுத்தி இட்லி, வடை, டிகிரி காபி வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

மறந்தே போனேன். அந்த முதல் நாள், ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் முழங்கை வரைக்கும் மாவோடு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. மணி இரண்டு அஞ்சு. "சார், உங்க ரூம் ரெடி." காசு திரும்ப வராதாம், அதையும் அதே இனிமையான குரலில் சொன்னார்கள்.

என் மீதும் தப்பு இருக்கிறது. லாட்ஜ் இருப்பது எனக்கு முன்னமே தெரியும். நானே வெளியூர் போனால் அந்த மாதிரி இடத்தில்தான் படுக்கிறேன். வெளிநாட்டுக்காரர் வருகிறார், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கௌரவத்துக்குத்தான் சரவிளக்கு இருக்கும் இடமாகப் பார்த்துப் போட்டேன். வீட்டில் இப்போதும், "அவரைப் போய் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுலயா படுக்க வெச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்த மாதம் பெரியவருடைய மகன் வருகிறான். எங்கே அறை போடட்டும் என்று கேட்டு நேற்று பெரியவருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. அந்த லாட்ஜின் விசிட்டிங் கார்டு, ஓரத்தில் சாம்பார்க் கறையோடு. மேனேஜர் அண்ணனிடம் எப்போது வாங்கி வைத்துக்கொண்டாரோ தெரியவில்லை.