கறுப்புத் தேன்சிட்டும் நீலத் தேன்சிட்டும்

ஊதாத் தேன்சிட்டின் இரண்டு படங்களை ஒப்பிட்டு, ஒன்றில் பறவை கறுப்பாகவும் மற்றதில் பளபளக்கும் நீலமாகவும் இருப்பதால் இரண்டாவது படத்தில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் நிற வேறுபாட்டை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது.

இனப்பெருக்கக் காலத்து ஆண் பறவையின் அந்த நீலம் சாயம் போன்ற நிறமி அல்ல. இறகின் நுண்ணிழைகளில் கெரட்டின் என்ற புரதமும் மெலனின் என்ற கருநிறமியும் மிக மெல்லிய அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களை மட்டும் தூக்கிக் காட்டும். வெயில் சரியான கோணத்தில் விழுந்தால் உலோகம்போல மின்னும். நிழலிலோ, வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுத்தாலோ வெறும் கறுப்பு. பறவை தலையை லேசாகத் திருப்பினாலே நிறம் மாறிவிடும்.

கேமராகூட வேண்டாம். வீட்டில் மயிலிறகு இருந்தால் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒளி ஊடுருவும்படி பாருங்கள்: நீலமும் பச்சையும் போய்ப் பழுப்புதான் மிஞ்சும். மயிலிறகு இல்லையா, சரி, நடக்கிற புறாவின் கழுத்தைக் கவனியுங்கள். பச்சை ஊதாவாகும், ஊதா பச்சையாகும்.

கேமரா இருப்பவர்கள் கிளையில் அமர்ந்த தேன்சிட்டைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால், கறுப்பும் நீலமும் ஒரே வரிசையில் கிடைக்க வாய்ப்புண்டு. என்னிடம் அப்படி நிறையவே இருக்கிறது, பாதிக்குமேல் கறுப்புதான்! இதற்குப் பிறகும் ஐயம் இருந்தால், எடுத்தவரிடம் திருத்தாத மூலக் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம்.