மூன்றடிக்கு ஒரு விசாரணை

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம். மாலை ஐந்து மணி. தடி நட்டுக் கட்டிய கதியால் வேலியின் இந்தப் பக்கம் தம்பி; கையில் பிரதேச சபைப் படிவமும் தையல்காரரிடம் இரவல் வாங்கிய அளவுநாடாவும். அந்தப் பக்கம் மாமி, கையில் சுளகு. இருவரும் உறவினர் அல்லர். பொது வேலி இருந்தால் முறை தானாக வந்துவிடும்.

தம்பி: மாமி, ஒரு சின்னக் கையெழுத்து.

மாமி: அப்படிச் சொல்லித்தான் என் தமையன் வயற்காணியை எழுதுவித்தான். விஷயத்தைச் சொல்.

தம்பி: வீட்டோடு ஓர் அறை இறக்கப் போகிறேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சத்துக்குக் கட்டியது, 550 சதுர அடி. அன்றைக்கு நானும் மனைவியும். இன்றைக்கு மூன்று பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தையல் மெஷின்.

மாமி: கட்டு. நானா தடுக்கிறேன்?

தம்பி: எல்லைக்கு விட வேண்டிய இடத்தில் மூன்றடி குறைகிறது. பக்கத்து வீட்டார் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தந்தால் திட்டமிடல் குழுவில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

மாமி: மூன்றடியா? வாமனனும் அவ்வளவுதான் கேட்டான்.

தம்பி: நான் கேட்பது என் காணிக்குள்ளே மாமி! நாற்பது பேர்ச் காணியை மாமனார் நான்கு பெண்களுக்கும் சீதனமாகக் கீறியதில் எனக்கு வந்தது பத்து. சாரைப்பாம்பு மாதிரி, நீளம் மட்டும்தான்.

மாமி: அவசரப்படாதே. ரொறொன்ரோவில் என் மகன் குசினியைப் பின்னுக்கு நீட்ட, விதியிலிருந்து இதே மாதிரி விலக்குத்தான் கேட்டான். ‘மைனர் வேரியன்ஸ்’, சின்ன விலக்கு என்பார்கள். 60 மீற்றருக்குள் இருந்த காணிக்காரர் எல்லோருக்கும் கடிதம் போனது. வாசலில் அறிவித்தலும் வைத்தார்கள்.

தம்பி: இங்கே 60 மீற்றருக்குள் நீங்களும் வைரவரும்தான். வைரவரிடம் பூ வைத்துக் கேட்டுவிட்டேன், ஆட்சேபனை இல்லை.

மாமி: ஆனால் 2022இல் அங்கே சட்டத்தை மாற்றி, விலக்குக் கொடுக்கிற குழுவின் முடிவை எதிர்த்து அயலவன் மேன்முறையீடு செய்ய முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். அயலவனுக்கு வாயில்லாத ஊரில் பிள்ளை எப்படித்தான் இருக்கிறானோ! சரி, அந்தக் குழு நான்கு விஷயம் பார்க்கும். நானும் பார்க்கிறேன்.

(வேலியிலிருந்து நான்கடி தள்ளி, முற்றத்து மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் சதுரக் கல்லில் உட்காருகிறார். கோழிகள் சுற்றி நிற்கின்றன.)

மாமி: முதலாவது, கேட்கிற விலக்கு சின்னதா? நாடாவை இப்படி நீட்டு. இதென்ன, நான்கிலிருந்து தொடங்குகிறது?

தம்பி: முதல் மூன்று அங்குலத்தைத் தையல்காரரின் ஆடு தின்றுவிட்டது.

மாமி: அப்படியென்றால் நீ விடுகிற இடம் நீ சொல்வதிலும் மூன்று அங்குலம் குறைவு. விலக்கு சின்னதல்ல. இரண்டாவது, அந்த அறை அந்த இடத்துக்குப் பொருத்தமா? யன்னல் எந்தப் பக்கம்?

தம்பி: காற்றுக்காக... இந்தப் பக்கம்.

மாமி: என் குசினிக்கு நேரே! நான் என்ன கறி வைக்கிறேன் என்று உன் மாமியார் பார்த்துக்கொண்டிருக்கவா?

தம்பி: பார்க்கத் தேவையில்லை. நேற்றைய திருக்கைக் கருவாட்டுக்குப் பழப்புளி போதாது என்று மணத்திலேயே சொன்னார்.

மாமி: யன்னல் கிடையாது! மூன்றாவது, சட்டத்தின் நோக்கம்...

தம்பி: நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். உங்கள் மலசலகூடக் குழிக்கும் என் கிணற்றுக்கும் ஐம்பதடி இருக்க வேண்டும் அல்லவா?

மாமி: இந்த நாடாவால் அளந்தால் இருக்கும்.

தம்பி: அளந்தேன். எட்டு முறை வைத்தேன். ஆடு தின்றதைக் கழித்தால் 38.

மாமி: நான்காவது கேள்வியை விட்டுவிடுவோம். மகனே அதை எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை.

தம்பி: நல்லது. நாளைக்கு நில அளவையாளர் வருகிறார். பழைய படத்தில் இந்த மூலையில் ஓர் எல்லைக்கல் காட்டியிருக்கிறது. வேலி நெடுகத் தேடிவிட்டேன், காணவில்லை.

மாமி: கறையான் தின்றிருக்கும்.

தம்பி: கல்லையா? மாமி, கொஞ்சம் எழும்புங்கள்.

மாமி: முழங்கால் பிடித்துக்கொண்டது.

தம்பி: நீங்கள் இருக்கிற கல்லின் தலையில் ஏதோ கீறல் தெரிகிறதே. கதியால் மாற்றும் ஒவ்வொரு மாரிக்கும் வேலி ஒரு சாண் நடந்து வந்ததோ?

மாமி: வேலிக்குக் காலா இருக்கிறது? அந்தப் படிவத்தைத் தா. பேனா எங்கே? மூன்றடிதானே, சின்ன விலக்கு! நில அளவையாளருக்கு எதற்கு வீண் செலவு?

தம்பி: யன்னல்?

மாமி: இரண்டாக வை தம்பி. பிள்ளைகளுக்குக் காற்று வேண்டாமா?