லித்தியம் மாத்திரை பேட்டரி விஷமா?

"பேட்டரியில் போடும் லித்தியத்தை மனநோய்க்குத் தருகிறார்கள், உடனே நிறுத்துங்கள்" என்று தஞ்சை, திருவாரூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உயிருக்கே ஆபத்தான பொய் இது.

மாத்திரையில் இருப்பது அளந்து கொடுக்கும் லித்தியம் உப்பு. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதினார். இருமுனை மனநோய் (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களிடம் இது தற்கொலையைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லா ஆய்வும் இல்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம், தற்கொலை ஆபத்தும் கூடலாம்.

சரி, அளவு மிஞ்சினால் நஞ்சுதானே? ஆமாம், அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. நடவு, அறுப்பு வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும், மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாகத் தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.