சேம்பர் என்ற பெயர் மட்டும்தான் இரவல்

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் மண்டபத்தில் அந்தச் சிறப்பு விருந்தினர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள்களாக இருந்தேன். காணொளியைப் பலரும் பார்த்துவிட்டீர்கள். வணிகர் சங்கம் என்பதே வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது, அதற்கு முன் உங்களிடம் சந்தை இருந்ததே தவிர சங்கம் இல்லை என்று அவர் முடித்தபோது, முன்வரிசையில் நம் ஊர்க்காரர்களே கைதட்டியதுதான் உறுத்துகிறது.

சென்னையில் ஆங்கிலேய வணிகர்கள் 1836இல் தங்களுக்கென்று சேம்பர், அதாவது வர்த்தக சபை, தொடங்கினார்கள் என்பது உண்மை. நம்மவர்கள் பிட்டி தியாகராயர் தலைமையில் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்க 1909 ஆகிவிட்டது என்பதும் உண்மை. பெயர்ப்பலகை, துணைவிதி, செயற்குழு எல்லாம் அந்த வழியில் வந்தவையே, மறுக்கவில்லை. ஆனால் வணிகர்கள் கூடிப் பொதுப்பணம் சேர்ப்பதும் அதற்குக் கணக்குக் காட்டுவதும்தான் சங்கம் என்றால், அது மகமை என்ற பெயரில் இங்கே முன்பே இருந்தது. இன்றைய விருதுநகரான விருதுபட்டியிலும் சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் கள்ளர் பயமில்லாமல் வண்டிமாடுகளை அவிழ்த்துவிட்டுச் சரக்கை இறக்கிவைக்கப் பேட்டைகள் இருந்தன. அங்கே கைமாறிய சரக்கின் மேல் விழுந்த சிறு தொகைதான் மகமை. அந்தப் பணமும் வீடுவீடாகக் கைப்பிடி கைப்பிடியாகத் திரட்டிய பிடியரிசியும் சேர்ந்துதான் 1885இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நடத்தின. காமராசர் படித்த பள்ளி அது. ஊருக்கு விருதுநகர் என்று பெயர் மாறியதே 1923இல்தான். இதையெல்லாம் எந்த வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தான்?

என் அப்பா ஒரு பருப்பு மண்டியில் 31 ஆண்டுகள் கணக்கப்பிள்ளை. ஒருநாள் இரவு மகமைக் கணக்கில் நாற்பது பைசா உதைத்தது. சாப்பாட்டுத் தூக்குடன் போன நான், அவர் துண்டுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து உருவிப் பார்ப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்காசைப் போட்டு நேராக்கிவிட்டுக் கிளம்பும்படி முதலாளி சொன்னார். "அது ஊர்க்காசு, முதலாளி" என்றார் அப்பா. உளுந்து மூட்டை ஒன்று இரண்டு முறை பதிவாகியிருந்ததை அவர் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று.

மகமை சாதிக்குள் நடந்த ஏற்பாடுதானே என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம், நாடார்களின் சாதி அமைப்பான உறவின்முறை நடத்தியதுதான். அவர்களைக் கோயிலுக்குள்ளேயே விடாத காலத்தில் வேறு யாரை நம்பிப் பணம் போட்டிருப்பார்கள்? வெளியே நின்ற மற்றவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்பது நியாயமான கேள்வி. இன்று அதற்குள் போகும் மனநிலையில் நான் இல்லை. ஆனால் "பதுக்கல்காரர்களுக்கு எதற்கு வரலாறு" என்று எழுதிய நண்பருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வத்தல், துவரை, கடலை எண்ணெய், புண்ணாக்கு என்று விருதுநகர் சந்தை விலை எத்தனையோ ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வருகிறது. கோவில்பட்டிக்காரரும் மதுரைக்காரரும் அதைப் பார்த்துத்தான் பேரம் பேசினார்கள். விலையை மறைக்க நினைப்பவன் அச்சில் ஏற்றுவானா? பதுக்கியவர்கள் இருந்தார்கள்தான். எந்த ஊரில் இல்லை? ஐயா தங்கள் ஊரைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இது அப்பாவைப் பற்றிய பதிவாக மாறிக்கொண்டிருப்பது எனக்கும் தெரிகிறது. மண்டபச் சுவரில் மாலையுடன் தொங்கும் படங்கள் எல்லாமே தலைவர்களின் படங்கள். மகமையை வசூலித்து, எழுதி, காசு பிசகாமல் ஒப்படைத்த கணக்கப்பிள்ளை ஒருவருக்குக்கூட அங்கே ஆணி அடிக்கவில்லை. விருந்தினர்தான் வெளியூர்க்காரர், கைதட்டியவர்கள் தெரிந்தே தட்டினார்கள்.

மண்டியை மூடியபோது அப்பா கேட்டு வாங்கிவந்த பேரேடு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஓரம் செல்லரித்திருந்தாலும் மகமைப் பக்கங்களை இன்னும் படிக்க முடிகிறது. முன்வரிசையில் கைதட்டியவர்களில் மூன்று பேருடைய தாத்தாக்களின் கடைப்பெயர்கள் அதில் இருக்கின்றன. அந்த அண்ணாச்சிகள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தேநீர் என் செலவு.