முப்பத்தாறு உருவும் ஏழு முடிச்சும்

(டில்லி முனிர்கா. ஜூன் மாதச் செவ்வாய், மதியம் இரண்டரை. மாடிப்படி.)

மாமி: இன்னிக்கு எத்தனை பேருக்கு அனுப்பினே?

சேகர்: 11 பேருக்கு மாமி.

மாமி: பேஷ். பதில் வந்துதா?

சேகர்: மூணு பேர் கும்பிடற கை போட்டாங்க.

மாமி: கம்பெனிக்காரன் கும்பிட்டா வேலை இல்லேன்னு அர்த்தம்டா.

சேகர்: கம்பெனி இல்ல, சொந்தக்காரங்க. முருகர் படம். 11 பேருக்கு அனுப்பினா 11 நாள்ல நல்ல சேதி வருமாம்.

மாமி: நான் பயோடேட்டாவைக் கேட்டேன்.

சேகர்: அதுக்கு ஏது நேரம்? வேலை போனதுலேருந்துதான் ஓவர்டைம் பாக்கறேன். சஷ்டி கவசம் மட்டும் தினம் 36 தடவை.

மாமி: நிதானமா சொன்னா ஒரு தடவைக்கு 20 நிமிஷம். மொத்தம் 12 மணி நேரம்!

சேகர்: கவசத்துலயே 36 உரு, அதாவது 36 தடவைன்னு இருக்காமே, பெரியப்பா சொன்னார்.

மாமி: இருக்கு. அவர் எத்தனை சொல்றார்?

சேகர்: அவருக்கு முட்டி வலி.

மாமி: கவசத்தை வாயால சொல்லணுமா, முட்டியாலயா?

சேகர்: நான் போன்ல வேகத்தைக் கூட்டி வெச்சு, கூடவே ஓடறேன்.

மாமி: அதான் கேட்டுதே. வேல் நெத்தியைக் காக்கட்டும்னு ஆரம்பிச்சு, ஒரே மூச்சுல முழங்காலுக்கு வந்துடறே. நடுவுல வயிறுன்னு ஒண்ணு வரும். இப்போ உனக்குக் காப்பு வேண்டியது அதுக்குத்தான். தினம் ஒரு தடவை, குளிச்ச கையோட, அதே நேரத்துல சொல்லு. கஷ்டத்துல 36ல ஆரம்பிக்கறவா நாலாம் நாள் 12க்கு வருவா, ஏழாம் நாள் விட்டுடுவா, எட்டாம் நாள் சாமி மேல கோவம். சரி, பையில என்ன?

சேகர்: எலுமிச்சம்பழம். துர்க்கைக்கு விளக்கு. மூணு மணிக்கு ராகு காலம், அக்கா சொல்லிச்சு.

மாமி: மூணுங்கறது ஆறுக்கு உதிச்சு ஆறுக்கு அஸ்தமிக்கற கணக்கு. பகலை எட்டாப் பிரிச்சா, செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. இங்க ஜூன்ல அஞ்சரைக்கு முன்னாடியே விடிஞ்சு, ஏழு இருபது வரைக்கும் சூரியன் போகாது. இன்னிக்கு நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஆரம்பம்.

சேகர்: அய்யோ, போன வாரமெல்லாம் மூணு அடிச்சதும் ஏத்திட்டு ஓடி வந்துட்டேனே!

மாமி: துர்க்கை என்ன வாட்ச் கட்டிண்டா உக்காந்திருக்கா? பழத்தைக் காட்டு. தோல் ரொம்ப மெல்லிசு, திருப்பும்போதே கிழியும், நெய் ஒழுகும். சாறு பிழிஞ்சு, உள்பக்கம் வெளியில வர மாதிரி திருப்பினப்புறம் துணியால ஒத்தி எடுக்கறியோ?

சேகர்: இல்லியே. போன வாரம் திரி படபடன்னு வெடிச்சு அணைஞ்சுது. அபசகுனம்னு அக்கா ராத்திரி பூரா அழுதுச்சு.

மாமி: சகுனமில்லைடா, ஈரம்.

சேகர்: அக்கா இன்னொரு 9 வாரம் சேத்துட்டாங்க.

மாமி: ஈரத்துக்கா?

சேகர்: சித்தப்பா அதுக்கும் மேல. எனக்கு நம்பிக்கை பத்தலியாம், அதான் வேலை போச்சாம். ஒரு ஹோமம் பண்ணினாத்தான் சரியாகுமாம்.

(சித்தப்பா மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ரிடையர் ஆனவர். இப்படி ஒருவர் இல்லாத டில்லித் தமிழ்க் குடும்பம் அபூர்வம்.)

மாமி: மாசக் கடைசி வேலைநாள்ல பென்ஷன் விழுந்துடறவருக்கு நம்பிக்கை கெட்டியாத்தான் இருக்கும். மார்ச் மாசப் பென்ஷன் மட்டும் ஏப்ரல் பொறந்தப்புறம்தான் வரும். அந்த ரெண்டு நாள் அவர் பக்தியைப் போய்ப் பாரு! பேங்க்குக்கு எத்தனை போன், எத்தனை சாபம்!

சேகர்: அப்போ எனக்கு நம்பிக்கை இருக்குங்கறீங்களா?

மாமி: இந்த வெயில்ல எலுமிச்சம்பழம் தூக்கிண்டு அலையறவனைப் பாத்து யாருடா இல்லேங்கறது? அப்பருக்குச் சூலை நோய், அந்தக் கொடிய வயித்து வலி வந்தது. பல்லவ ராஜா அவரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாய்ல அடைச்சான். பெரிய புராணத்துல யாராவது வாசல்ல நின்னு, 'உமக்குப் பக்தி பத்தலை, ஒரு ஹோமம் பண்ணும்'னாளா? இங்க மலை மந்திர் முருகன் கோவில்ல 'யாமிருக்க பயமேன்'னு அவ்ளோ பெரிசா எழுதியிருக்கே, கீழ கட்டண விவரம் போட்டிருக்கா?

சேகர்: இல்ல. ஆனா ஹோமம் பண்றேன்னு வேண்டிக்கிட்டேனே.

மாமி: வேண்டிண்டா இப்பவே பண்ணணுமா? வெள்ளைத் துணியை மஞ்சத் தண்ணியில நனைச்சு, நன்னா உலர்த்தி, 11 ரூபா முடிஞ்சு வை. ஈரத்தோட முடிஞ்சா காசு கறுத்துடும். உள்ள ஒரு சீட்டு வை, எந்த சாமி, என்ன வேண்டுதல்னு. கையில காசு வந்தப்புறம் பண்ணிக்கலாம்.

சேகர்: ஏற்கெனவே ஏழு முடிச்சு இருக்கு.

மாமி: சீட்டு?

சேகர்: வைக்கல. எது திருப்பதி, எது பழனின்னே தெரியல.

மாமி: ஏழையும் ஒண்ணாச் சேத்து குலதெய்வத்துக்கு முடிஞ்சுடு.

சேகர்: ஏழு இல்ல, இப்போ ஆறு. நேத்து ஒரு இன்டர்வியூ. வெளிய வந்தப்போ கையில காசில்ல. ஒரு முடிச்சை அவுத்து பத்து ரூபாய்க்கு டீ குடிச்சிட்டேன்.

மாமி: சாமி காசுலயா! எந்த சாமி?

சேகர்: சீட்டுதான் இல்லியே மாமி.

மாமி: டீ எப்படி இருந்துது?

சேகர்: ஒரே இனிப்பு.

மாமி: அப்போ பிள்ளையாரோடதுதான், கோவிச்சுக்க மாட்டார். மிச்சம் ஒரு ரூபாயை முடிஞ்சு வை, பாக்கி பத்தை முதல் சம்பளத்துல போடு. இன்டர்வியூ என்ன ஆச்சு, அதைச் சொல்லு.