நடுத்தர பிக்கப்: கோபம் சரி, கணக்குதான் தப்பு

அமெரிக்காவில் புது நடுத்தர பிக்கப் டிரக் வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரே புலம்பல்தான். "டொயோட்டா டகோமாவுக்கு ஐம்பதாயிரம் டாலரா?" இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. 2014 கடைசியில் செவ்ரலே கொலராடோ மறுபடி சந்தைக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலை டெலிவரிக் கட்டணம் சேர்த்தே 21,000 டாலருக்குள் அடங்கியது. 2023-இல் புது வடிவம் வந்தபோது அதே கொலராடோ 30,000-ஐத் தாண்டிவிட்டது. 2024 டொயோட்டா டகோமா, டெலிவரிக் கட்டணம் நீங்கலாக, 31,500-இல் ஆரம்பித்து டிஆர்டி ப்ரோ என்ற உச்ச வேரியண்டில் 63,900-இல் போய் நின்றது. அளவில் இவற்றைவிடச் சின்னதான ஃபோர்டு மேவரிக்கை 2021-இல் 19,995 என்று அறிவித்தார்கள். 2025 மாடலில் அதுவே 26,000-க்கு மேல்.

ஆனால் பழைய விலைப் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த 21,000 டாலர் கொலராடோ நான்கு சிலிண்டர் என்ஜின், மேனுவல் கியர், பின்னால் ஒப்புக்கு இரண்டு சீட் வைத்த நீட்டிய கேபின். அந்த வடிவமே இன்று கிடையாது. இப்போதைய கொலராடோ நான்கு கதவு கேபின், பின்னால் சரக்கு ஏற்ற ஐந்தடி இரண்டு அங்குலத் தொட்டி என்ற ஒரே உருவத்தில்தான் வருகிறது. அமெரிக்காவில் 2024-இல் இறங்கிய ஃபோர்டு ரேஞ்சரும் நான்கு கதவு, ஐந்தடித் தொட்டி மட்டுமே. விலை ஏறியது ஒரு பக்கம் இருக்க, விலை குறைவாக வாங்கக்கூடிய வண்டியே கடையை விட்டுப் போய்விட்டது. ஏணி, பைப், பிளைவுட் ஏற்றிப் பிழைக்கும் ஒரு பெயின்டருக்கோ பிளம்பருக்கோ இதுதான் பெரிய இழப்பு. ஆறடித் தொட்டி வேண்டுமென்றால் நிசான் ஃப்ரன்டியரிலோ டகோமாவிலோ நீளத் தொட்டி வைத்த வடிவத்தைத்தான் தேட வேண்டும்.

போட்டி ஏன் இல்லை என்று கேட்டால் பதில் 1964-இல் இருக்கிறது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பாவில் வரி போட்டதற்குப் பதிலடியாக ஜான்சன் அரசு வெளிநாட்டு லைட் டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டையை எல்லாரும் மறந்தாயிற்று, வரி மட்டும் அறுபது வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது. உலகம் முழுக்க ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸும் அங்கே இல்லை. மெக்சிகோ வண்டிகள் வர்த்தக ஒப்பந்தத்தால் தப்பித்து வந்தன. 2025 ஏப்ரலில் வந்த புது இறக்குமதி வரியில் அவற்றுக்கும் ஒரு பகுதி அடி விழுந்தது. விலை தானாக இறங்கும் என்று காத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்து இதுதான்: வாங்குகிறவர்கள் கோபப்படுவது விலை மேல். கையெழுத்துப் போடுவதோ மாதத் தவணையைப் பார்த்து. டீலர் முதலில் கேட்கும் கேள்வியே "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். அதற்கு ஒரு எண்ணைச் சொன்ன அந்த நிமிடமே விலை பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. சொன்ன எண்ணுக்குள் எந்த விலையையும் அடக்கிவிடலாம், வருடத்தைக் கூட்டினால் போதும்.

40,000 டாலர் கடன், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மாதம் என்றால் தவணை 792 டாலர், மொத்த வட்டி சுமார் 7,520. 72 மாதம் என்றால் 682, வட்டி 9,100. 84 மாதம் என்றால் 604, வட்டி 10,710. மாதம் 188 டாலர் மிச்சம் என்று தெரிகிறது, போவது 3,200 டாலர் கூடுதல் வட்டி. அதைவிட மோசமானது நடுவில் நடப்பது. மூன்று வருடம் கழித்து வண்டியை மாற்ற வேண்டி வந்தால், 60 மாதக் கடனில் பாக்கி 17,700. 84 மாதக் கடனிலோ இன்னும் 25,200 பாக்கி. விபத்தில் வண்டி முழுச்சேதம் ஆனால் இன்சூரன்ஸ் தருவது அன்றைய சந்தை விலை மட்டுமே. பாக்கி அதற்கு மேல் இருந்தால் மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். டகோமா மாதிரி மறுவிற்பனை நன்றாக இருக்கும் வண்டியில் இந்த ஆபத்து குறைவு, மற்றவற்றில் நிஜம். 60 மாதத்தில் கட்ட முடியாத டிரக் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே இருக்கிறது என்றே அர்த்தம். வருடத்தைக் கூட்டாதீர்கள், டிரிம்மைக் குறையுங்கள்.

டிரிம் என்பது நம் ஊர்ப் பேச்சில் வேரியண்ட். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விலை ஏற ஏற டிரக் அதிகம் சுமக்கும் என்று நினைப்பு. உண்மை தலைகீழ். சன்ரூஃப், தோல் சீட், அடித்தகடு, பெரிய டயர், ஹைப்ரிட் பேட்டரி எல்லாம் சேரச் சேர வண்டியின் சொந்த எடை கூடுகிறது, சுமக்கும் திறன் அந்த அளவு குறைகிறது. விளம்பரத்தில் போடும் அதிகபட்சச் சுமை எண் பெரும்பாலும் மலிவான, வெறுமையான வடிவத்துக்கு உரியது. உங்கள் வண்டியின் எண்ணைத் தெரிந்துகொள்ள ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் இடத்துத் தூணில் பாருங்கள். டயர் காற்றழுத்தம் அச்சிட்ட மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குள்கூட அந்த எண் வேறுபடும்.

அதில் 1,150 பவுண்டு என்று இருக்கிறது என்று வைப்போம். வண்டிக்குள் ஆளுக்கு 170 பவுண்டு வீதம் நான்கு பெரியவர்கள், 680. பின்னால் 5,000 பவுண்டு டிரெய்லர். இழுக்கும் எடையில் குறைந்தது பத்து சதவீதம், டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்சின் மேல் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். அது 500. கூட்டினால் 1,180. தொட்டியில் ஒரு ஐஸ் பெட்டிகூட வைக்கவில்லை, அதற்குள் எல்லை தாண்டியாயிற்று. "ஆறாயிரம் பவுண்டு இழுக்கும்" என்று விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முதலில் தீர்வது இழுவைத் திறன் அல்ல, சுமைத் திறன்.

ஆகவே பின்னால் சேர்க்க முடியாததற்கு மட்டும் காசு கொடுங்கள். கேபின் அளவு, தொட்டி நீளம், நான்கு சக்கர ஓட்டம், கம்பெனியே போட்டுத் தரும் இழுவைப் பேக்கேஜ், சேற்றிலும் மணலிலும் போகிறவர்களுக்கு, இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பின் ஆக்ஸில் லாக்கர். லாக்கரை வெளியே போட்டால் பொருளும் கூலியும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போய்விடும், வாரன்டியிலும் சிக்கல் வரலாம். தொட்டிக்குள் ஸ்ப்ரே பூச்சு, ரப்பர் மிதியடி, தொட்டி மூடி, படிப்பலகை, எல்இடி விளக்கு எல்லாம் வெளிக்கடையில் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். டிரிம் ஏறுவதற்கு டீலர் சொல்லும் காரணங்களில் பாதி இந்தப் பட்டியலில்தான் வரும்.

இந்த விலைக்குப் பெரிய டிரக்கே வாங்கிவிடலாமே என்று ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ பக்கம் போகிறவர்கள் நிறைய. தள்ளுபடி அங்கே தாராளமாகக் கிடைப்பதால் கணக்கு சில சமயம் சரியாகவே வரும், தினமும் இழுவை வேலை இருந்தால் தாராளமாகப் போகலாம். போகும் முன் கராஜை அளந்து பாருங்கள். டகோமா நான்கு கதவு, ஐந்தடித் தொட்டியோடு பதினேழே முக்கால் அடி. எஃப்-150 நான்கு கதவு, ஐந்தரையடித் தொட்டியோடு பத்தொன்பதடிக்கு மேல். டயர், பிரேக், பெட்ரோல் செலவும் கூடும்.

இனி டீலரிடம் போகும் வரிசை. முதலில் உங்கள் கிரெடிட் யூனியனில், அதாவது கூட்டுறவு வங்கியில், கடன் ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டீலர் ஏற்பாடு செய்யும் கடனில் அவர் பங்காக ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றிவைக்க இடம் உண்டு, ஒப்பிட ஓர் எண் இருந்தால்தான் அது கண்ணில் படும். கடன் விசாரணைகளை இரண்டு வாரத்துக்குள் முடித்தால் கிரெடிட் ஸ்கோரில் அவை ஒன்றாகவே எண்ணப்படும். பிறகு நான்கைந்து டீலர்களுக்கு, பக்கத்து மாநிலமும் சேர்த்து, மின்னஞ்சல் எழுதுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவுட் தி டோர் விலை, அதாவது எல்லாம் சேர்த்துக் கையில் கட்டும் மொத்தத் தொகை, ஒவ்வொன்றாகப் பிரித்து. வண்டி விலை, டெலிவரிக் கட்டணம், ஆவணக் கட்டணம், மாநில வரி, பதிவு, டீலர் சேர்த்த பொருட்கள் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். டெலிவரிக் கட்டணம் பெரும்பாலும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், அதில் பேரம் இல்லை. ஆவணக் கட்டணம் கலிஃபோர்னியாவில் சட்டப்படி 85 டாலருக்கு மேல் போகாது, உச்சவரம்பு இல்லாத மாநிலங்களில் பல நூறு டாலர் போடுகிறார்கள். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறித்தல், பெயின்ட் பாதுகாப்பு என்று ஏதாவது பட்டியலில் வந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் அடுத்த டீலர்.

ரிபேட்டா (கம்பெனி தரும் ரொக்கத் தள்ளுபடி), குறைந்த வட்டியா என்று தேர்வு கொடுத்தால் ரிபேட்டைப் பார்த்து மயங்காதீர்கள். 40,000-க்கு 3.9 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை 735. அதே வண்டிக்கு 2,000 ரிபேட் வாங்கி 38,000-ஐ 7 சதவீதத்தில் எடுத்தால் 752. குறைந்த வட்டியில் ஐந்து வருடத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் லாபம். எண்கள் மாறினால் முடிவும் மாறும், போட்டுப் பார்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, அமெரிக்காவில் இறுதி அசெம்ப்ளி ஆன புது வண்டியைச் சொந்த உபயோகத்துக்குக் கடனில் வாங்கினால், அந்தக் கடனின் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழிக்கலாம். 2025 முதல் 2028 வரை இது உண்டு. தனிநபர் வருமானம் ஒரு லட்சத்தையும் தம்பதியர் வருமானம் இரண்டு லட்சத்தையும் தாண்டினால் சலுகை குறைந்துகொண்டே போகும். எந்த வண்டி தகுதியானது என்று வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) முதல் எழுத்தே காட்டிவிடும்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 3 என்றால் மெக்சிகோ. மிசூரியில் தயாராகும் கொலராடோ, மிச்சிகனில் ரேஞ்சர், மிசிசிப்பியில் ஃப்ரன்டியர், அலபாமாவில் ஹோண்டா ரிட்ஜ்லைன், ஒஹையோவில் ஜீப் கிளாடியேட்டர் தகுதி பெறும். மெக்சிகோவிலிருந்து வரும் டகோமாவுக்கும் மேவரிக்குக்கும் இது கிடையாது.

புதிதே வேண்டாம், பழையது பார்க்கலாம் என்று திரும்புகிறவர்களுக்கு: இரண்டு மூன்று வருட டகோமா வேண்டாம். விலை பெரிதாகக் குறைந்திருக்காது, பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் அதிகம். ஏழெட்டு வருடத்துக்கு மேல் போனால்தான் லாபம், அங்கேதான் சோதனையும் வேண்டும். 2005 முதல் 2010 வரையிலான டகோமாவில் அடிச்சட்டகம் (சேசிஸ்) துருப்பிடித்து, வழக்காகி, டொயோட்டா பெரும் தொகைக்குச் சமரசம் செய்ய வேண்டி வந்தது. கீழே படுத்து, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தைச் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, தடதடவென்று மந்தமாகக் கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். 2017 முதல் 2019 வரையிலான வி6 கொலராடோவில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் உண்டு. மணிக்கு ஐம்பது மைல் பக்கம் மெதுவாக ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஓட்டும்போது சாலையோர வரிப்பள்ளத்தில் ஏறியது போல அதிர்ந்தால், அது என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் நடுக்கம். புது வகை கியர் ஆயிலுக்கு முழுதாக மாற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். அதே காலத்து டகோமா போல, 2005 முதல் 2010 வரையிலான ஃப்ரன்டியருக்கும் ஒரு நோய் உண்டு: கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே உடைந்து, தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும். என்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவுங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டினால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று வையுங்கள், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.