வெளிவராத ஹெட்ஃபோனும் முந்திக்கொள்ளும் தீர்ப்புகளும்

அடுத்த சில வாரங்களில் விற்பனைக்கு வரவிருக்கும், இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்படுகிற ஒரு குளோஸ்டு பேக் (பின்பக்கம் மூடிய) ஹெட்ஃபோனைப் பற்றிக் கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பெரம்பூரில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நாங்கள் ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் வாதிட்டோம். ஐவரில் ஒருவர்கூட அதைக் காதில் வைத்ததில்லை. ஆனாலும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஊதிப் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். குரல் பின்னால் ஒதுங்கி நிற்கும் என்றார் இன்னொருவர். ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, காதைக் குத்தும் என்று மூன்றாமவர் சத்தியம் செய்யாத குறைதான். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும், கசிந்து வந்த ஒரு கிராஃபும் இரண்டு புகைப்படங்களுமே இவ்வளவுக்கும் ஆதாரம். அதே நண்பர்களிடம் இந்த விலைக்கு அது தகுமா என்று நான் கேட்டபோது மட்டும், 'அதெப்படி, கேட்டுப் பார்த்த பிறகுதானே சொல்ல முடியும்' என்று எல்லோருக்கும் திடீரென்று நிதானம் வந்துவிட்டது.

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன் ஒன்றின் ஒலியை, அது நம் தலையில் ஏறும் முன் யாராலும் நமக்காகத் தீர்மானிக்க முடியாது. அது தரும் பயன் அந்த விலைக்கு ஈடாகுமா என்பதையோ பெருமளவுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நாம் செய்ய முடியாததைத் துணிந்து செய்கிறோம், செய்யக்கூடியதைத் தள்ளிப் போடுகிறோம். அன்று தேநீர் ஆறும் அவசரத்தில் இதைச் சரியாகச் சொல்லாமல் விட்டதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா கொருக்குப்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தார். திருவிழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர்கள் போகும். கொஞ்சம் வசதியான கல்யாணங்களுக்கு அவரே ஒட்டுப்பலகையில் செய்த பாக்ஸ் ஸ்பீக்கர்கள் போகும். பாக்ஸ் செய்யும்போது அவர் அதிக நேரம் செலவிட்டது ஸ்பீக்கரைப் பொருத்துவதில் அல்ல, உள்ளே இலவம் பஞ்சு திணிப்பதில். கொஞ்சம் திணிப்பார், மூடுவார், விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், திருகைக் கழற்றி மறுபடி திணிப்பார். ஸ்பீக்கரின் முன்புறம் எவ்வளவு ஒலி புறப்படுகிறதோ ஏறக்குறைய அதே அளவு பின்புறமும் புறப்படுகிறது, மூடிய பெட்டியில் அது எங்கும் போக முடியாமல் சுவரில் மோதித் திரும்பி வந்து முன்னொலியைக் கலைக்கிறது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவரில்லை. பாட்டுக்காரரின் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால் பஞ்சு போதவில்லை என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

குளோஸ்டு பேக் ஹெட்ஃபோனும் அப்பாவின் பாக்ஸைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கியதுதான். கிண்ணத்தின் ஆழம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது என்ற கணக்கில், அந்த இடைவெளிக்குள் போய்த் திரும்பும் 8 செ.மீ. தூரத்துக்குச் சுமார் 4,250 ஹெர்ட்ஸில் ஓர் ஒத்ததிர்வு எழும், அதாவது அந்தச் சுருதி மட்டும் வீங்கி ஒலிக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே அது விழுகிறது. கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப்போலச் செயல்பட்டு டிரைவரை (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கரை) எதிர்த்து நிற்பதால், தாழ்ந்த ஒலிகளின் போக்கும் மாறிவிடுகிறது. விலை உயர்ந்த மாடல்கள் பல இந்தப் பின்னொலியோடும் ஒத்ததிர்வோடும்தான் மல்லுக்கட்டுகின்றன. சென்ஹைசர் நிறுவனம் 2018-இல் எச்டி 820 மாடலை 2,400 டாலருக்குக் கொண்டுவந்தபோது, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உட்குழிந்த கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து, மோதும் ஒலியைப் பக்கவாட்டு அறைகளுக்குத் திருப்பி அங்கே உறிஞ்ச முயன்றது. டான் கிளார்க் ஆடியோ நிறுவனம் 2021-இல் ஸ்டெல்த் மாடலை ஏறத்தாழ 4,000 டாலருக்கு வெளியிட்டது. அதில் டிரைவருக்கும் காதுக்கும் நடுவே நுண்ணிய துளைகளும் அறைகளும் கொண்ட ஓர் அமைப்பு, தேவையற்ற ஒத்ததிர்வுகளைத் தின்றுவிடுகிறது. இவை உண்மையான பொறியியல், விளம்பரச் சொல்ஜாலம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் கண்ணாடியைப் புகைப்படத்தில் பார்த்து ஒலி தெளிவாக இருக்கும் என்று சொல்வது, பாத்திரத்தின் பளபளப்பைப் பார்த்துக் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

மூடிய பெட்டியில் ஒரு சுவர் மட்டும் தொழிற்சாலையில் செய்யப்படுவதில்லை. அது நம் தலை. காது மெத்தை கன்னத்தோடும் காதுக்குப் பின்னுள்ள எலும்போடும் காற்றுப் புகாமல் ஒட்டினால்தான் வடிவமைத்தவர் நினைத்த பேஸ் கிடைக்கும். ஒரு சிறு இடுக்கு இருந்தாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபல் வரைகூடச் சரிந்துவிடலாம். பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன்கள் பல இந்த விஷயத்தில் அவ்வளவு கறார் காட்டுவதில்லை. தாடை அகலம், தலைமுடி, கம்மல், மூக்குக் கண்ணாடியின் காம்பு என எல்லாமே மூடிய வகையில் ஒலியை மாற்றும் உறுப்புகள்தாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நகரின் ஓர் ஓட்டலில், வெளிவரவிருந்த குளோஸ்டு பேக் ஒன்றைக் கேட்டுப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. ஒருவருக்கு இருபது நிமிடம். நான் கைபேசியில் என் சொந்தப் பதிவு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன்: திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மாசித் திருவிழாவில், தவில்காரருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று நானே பதிவு செய்த நான்கு நிமிடம். வலந்தலையின் (தவிலின் வலப்பக்கத் தோல்) வெடிப்பும் தொப்பியில் (இடப்பக்கத் தோல்) கழி விழும் கனமும் அன்று என் நெஞ்சில் எப்படி இறங்கின என்பது எனக்குத் தெரியும் என்பதனால், எந்தக் கருவியையும் அதை வைத்துத்தான் எடை போடுவேன். அந்த ஹெட்ஃபோனில் தொப்பி அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. 'இவ்வளவு பணத்துக்கு இதுதானா' என்று மனத்துக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். பதினைந்தாம் நிமிடம் வியர்வையைத் துடைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டினேன். தவில் எழுந்து நின்றது. அதுவரை நான் குறை கண்டது என் கண்ணாடிக் காம்பு போட்ட இடுக்கில்தான். மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தில் கற்றதுதான் அன்றைய வரவு. கண்ணாடி இல்லாமல் மட்டும் நன்றாக ஒலிக்கும் ஹெட்ஃபோன் எனக்குப் பயன்படாது என்பது வேறு விஷயம். அதற்காக அதன் ஒலி மோசம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

அந்த நிகழ்ச்சியில் இன்னொன்றும் உறுத்தியது. பழைய மாடலையும் புதியதையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். புதியதற்கு உணர்திறன் அதிகம், ஆகவே அது சற்றுச் சத்தமாக ஒலித்தது. இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரே ஒரு டெசிபல் கூடியிருந்தாலும் காது அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு, உயிர்ப்பு, ஆழம் என்று பெயர் வைத்துவிடும் என்பது இத்துறையில் பழைய பாடம். அறையில் இருந்த எல்லோரும் புதியதையே பாராட்டினார்கள், நானும் தலையாட்டினேன். சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்ட முன்னோட்டக் கருத்து எதையும் அன்றிலிருந்து நான் அரைக்கண்ணால்தான் படிக்கிறேன்.

கிராஃப் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதையும் பேச வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையின் பாதி அதைச் சுற்றித்தான் நடந்தது. நான் கிராஃபுக்கு எதிரி அல்ல. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளால்தான், பெரும்பாலான காதுகள் எவ்வகைச் சமநிலையை விரும்புகின்றன என்று இன்று ஓரளவு சொல்ல முடிகிறது. பல ஹெட்ஃபோன்களின் ஒலித்தன்மையை ஒரே ஹெட்ஃபோனில் நகலெடுத்து ஒலிக்கச் செய்து, கேட்பவருக்குப் பிராண்டோ எடையோ தெரியாதபடி அவர்கள் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அளவீட்டுக் கருவியின் தலை செயற்கைத் தலை, காது ரப்பர் காது. அதில் மெத்தை கச்சிதமாக ஒட்டும்வரை வைத்து வைத்து எடுப்பார்கள். போதாக்குறைக்கு 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அந்தக் கோடு வைக்கும் நிலையைப் பொறுத்து ஆடிக்கொண்டே இருக்கும். வெளியீட்டுக்கு முன் கசியும் கிராஃபிலோ, அளக்கப்பட்டது இறுதி வடிவமா முன்மாதிரியா என்பதே தெரியாது. ட்ரெபிள் குத்தும் என்று சொன்ன நண்பர் காட்டியதும் அந்த மேல் முனையில் இருந்த ஒரு கூரான மேட்டைத்தான்.

இனி விலைக்கு வருகிறேன். இங்கேதான் முன்கூட்டியே பேச நமக்கு முழு உரிமை இருக்கிறது. 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்து, ஒலிச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே காணவில்லை என்று சொன்னது. 1991-இல் வந்த சோனியின் எம்டிஆர் 7506, குளோஸ்டு பேக்தான், ஏறத்தாழ நூறு டாலர் விலையில் இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒலி நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணம் இரண்டரை லட்சத்துக்குப் போதாது. அதே பணத்துக்கு எனக்கு வேறென்ன கிடைக்கிறது என்று கேட்கலாம், அந்தக் கேள்விக்குப் பெட்டியைத் திறக்காமலே பாதிக்கு மேல் விடை இருக்கிறது. எடை அறிவிக்கப்பட்டுவிடுகிறது: ஸ்டெல்த் 415 கிராம், ஃபோகல் நிறுவனத்தின் ஸ்டெல்லியா 435 கிராம். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கேட்பவருக்கு அந்த எண்ணே பாதித் தீர்ப்பு. மெத்தையைத் தனியாக வாங்க முடியுமா, பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, கடல் தாண்டி அனுப்ப வேண்டுமா என்பதெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட, எந்த வீட்டில் வைத்துக் கேட்கப் போகிறோம் என்பது நமக்கு இப்போதே தெரியும். நான் இருப்பது தண்டையார்பேட்டையில், எண்ணூர் நெடுஞ்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி. இரவு முழுவதும் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகும், ஜன்னல் கம்பி அதிரும். வெளிச்சத்தம் உள்ளே வராது என்று நம்பித்தான் எங்கள் பக்கத்தில் பலரும் மூடிய வகைக்கு ஆசைப்படுகிறார்கள். ஆனால் மின்னணு உதவி இல்லாத கிண்ணங்கள் தடுப்பது பெரும்பாலும் மேல்வரிசை ஒலிகளைத்தான்: தொலைக்காட்சி, அடுத்த வீட்டுப் பேச்சு, ஹாரன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமும் லாரி எஞ்சினுக்கு நூறு டாலர் கிண்ணமும் ஒன்றுதான், நாலாயிரம் டாலர் கிண்ணமும் ஒன்றுதான். உறுமல் உள்ளே வந்து, நாம் காசு கொடுத்து வாங்கிய பேஸின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தது புழுக்கம். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் காதுகளை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தவருக்கு, மெத்தையின் தோல் ஏன் இரண்டே வருடத்தில் உரிகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஏசி போட்டால் அதன் இரைச்சல். இவற்றைக் கூட்டிக் கழித்தால் வரும் விடை என் வீட்டுக்கான விடை. அண்ணா நகரில் அமைதியான தெருவில் தனியறை வைத்திருப்பவருக்கு வேறு விடை வரலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

'இப்படி எல்லோரும் ஒலியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் நிறுவனம் சொல்வது மட்டும்தானே மிஞ்சும்' என்று நண்பர்களில் மூத்தவர், நாங்கள் அண்ணே என்று அழைப்பவர், என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் கேட்காமலே மோசம் என்பதும் கேட்காமலே அற்புதம் என்பதும் நிறுவனத்தை ஒன்றும் செய்வதில்லை. இரண்டுமே பெயரை ஊரெங்கும் கொண்டுபோகும் இலவச விளம்பரம். முன்னோட்டம் எழுதியவரிடம் எத்தனை நாள் கேட்டீர்கள், சத்தத்தைச் சமன் செய்தீர்களா, கண்ணாடி அணிபவரா, கருவி இறுதி வடிவமா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா என்று கேட்பதுதான் அவர்களுக்குச் சங்கடம். அண்ணன் பதில் சொல்லாமல் இன்னொரு டீ சொன்னார்.

அந்த ஹெட்ஃபோனை நான் வாங்கப் போவதில்லை. அதை முடிவு செய்ய எனக்கு எடையும் விலையும் என் தெருவும் போதுமானதாக இருந்தன. ஆனால் அது எப்படி ஒலிக்கும் என்று கேட்டால், தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் முதலில் வரும் தொகுதியிலேயே ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறாராம், வந்ததும் வியாசர்பாடியில் அவர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. தவில் பதிவு கைபேசியில் இருக்கிறது. இந்த முறை முதல் பத்து நிமிடம் கண்ணாடியோடு, அடுத்த பத்து நிமிடம் கண்ணாடி இல்லாமல்.